ஊமை நோன்பு

உம் ஃபிராஸிடம் வருஷத்தில் எந்த நாள் ரொம்பப் பிடிக்கும் என்று கேட்டால் பெருநாள் என்பாள். சுத்தப் பொய். அவளுக்குப் பிடித்தது ஷஅபான் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஜகரிய்யா நபியின் நாள். பெருநாளன்று எல்லா வீட்டிலும்தான் பலகாரம் செய்கிறார்கள். ஜகரிய்யா நாளில்தான் யாருக்கு எத்தனை பிள்ளை என்பதைத் தாம்பாளத்தில் பரப்பி ஊருக்கே காட்ட முடியும். ஆண் பிள்ளைக்கு மூக்கு வைத்த மண்கூஜா, பெண் பிள்ளைக்கு மூக்கில்லாத கூஜா, நடுவில் மெழுகுவர்த்திகள், சுற்றிலும் பச்சைத் தழை, குங்குமப்பூ போட்ட மஞ்சள் சோறு, பால் சோறு, அதன் மேல் பட்டைத்தூளால் கோடு. தள்ளாத வயதில் பிள்ளை கேட்டு யஹ்யாவைப் பெற்ற நபிக்கு பக்தாத் பெண்கள் செய்கிற மரியாதை இது. உம் ஃபிராஸ் கைக்குப் போனால் எந்த மரியாதையும் தம்பட்டமாகிவிடும்.

பக்தாதின் கராதா பகுதியில் அந்தச் சந்து முழுக்க அவள் தாம்பாளம்தான் பெரியது. மகன் ஃபிராஸுக்கு ஒரு கூஜா, மகள் ரஜாவுக்கு ஒரு கூஜா, ரஜா பெற்ற பையன்களுக்கு வரிசையாகக் கூஜாக்கள். ஃபிராஸின் கூஜாவுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கையகலம் வெறுமையாக இருக்கும். தழையை இழுத்து மூடினால் யாருக்கும் தெரியாது. மூட மாட்டாள். வந்தவர்கள் அதைப் பார்க்க வேண்டும், இங்கே ஏன் காலி என்று கேட்க வேண்டும், இவள் மருமகள் இருக்கும் பக்கம் திரும்பிப் பெருமூச்சு விட வேண்டும்.

மருமகள் நஹ்லா, பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அந்த ஊரில் பெண்களை மூத்த மகன் பெயரோடு சேர்த்து ‘உம்’ இன்னார், அதாவது இன்னாருடைய அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளை இல்லாதவளையும் விடுவதில்லை. ‘உம் காயிப்’ என்பார்கள், இன்னும் வராதவனின் அம்மா. மனசு நோகக்கூடாது என்பதற்காக வைத்த பெயராம். நஹ்லா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மனசு நோகாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் குறை அவளிடம் இல்லை. டாக்டர் இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்துப் பளிச்சென்று சொல்லியிருந்தார்: குறை ஃபிராஸிடம், மருந்துக்கு அடங்குகிற குறையும் இல்லை. திரும்பி வரும்போது ஃபிராஸ் பாலத்தடியில் காரை நிறுத்தி ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதான். “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத நஹ்லா. நேரம் பார்த்து நானே சொல்றேன்.” நஹ்லாவுக்கு அன்றைக்கு அவன் மேல் அவ்வளவு பாவமாக இருந்தது. அதுவரை நான் தாங்கிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். அது நடந்து மூன்று ஷஅபான் ஆகிவிட்டது. பயலுக்கு நேரம் வந்தபாடில்லை.

வாய் இல்லாதவனா என்றால் அதுவும் இல்லை. ஃப்ரிட்ஜும் ஏசியும் விற்கிற கடை வைத்திருக்கிறான். கரண்ட் பாதி நாள் இல்லாத ஊரில், பார்க்க வந்தவனையும் வாங்க வைத்து அனுப்புகிற வாய் அது. அம்மா முன்னால் போனால் மட்டும் அந்த வாயில் கொழுக்கட்டை.

இந்த வருஷம் உம் ஃபிராஸ் விஷயத்தை முடித்துவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். மருமகள் ஊமை நோன்பு பிடிக்க வேண்டும். விடிகாலை பஜ்ர் தொழுகையிலிருந்து பொழுது சாய்கிற மஃரிப் வரை சாப்பாடும் கூடாது, பேச்சும் கூடாது. ஜகரிய்யா நபி மூன்று நாள் பேசாமல் இருந்தாரல்லவா, அதன் பேரில் வந்த வழக்கம். பாங்கு சொன்னதும் பார்லி ரொட்டியும் தண்ணீருமாக நோன்பு திறந்து, வாயைத் திறந்து சொல்கிற முதல் பேச்சு நேர்ச்சையாக இருக்க வேண்டும். அந்தத் தாம்பாளத்தின் முன்னால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க எந்த பக்தாத் பெண்ணும் துணிய மாட்டாள். மருமகள் சொல்ல வேண்டியதையும் உம் ஃபிராஸே தயார் செய்து கொடுத்துவிட்டாள்: ‘அடுத்த ஷஅபானுக்குள் எனக்குப் பிள்ளை இல்லாவிட்டால் ஃபிராஸ் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ள நான் சம்மதிக்கிறேன்.’ இதைக் கேட்பதற்கென்றே உம் ஹைதம் என்கிற பணக்கார விதவையும் அவள் மகள் ஷஹதும் சாயங்காலம் வருகிறார்கள். வெளிக்கு அவர்களும் தாம்பாளம் பார்க்க வருவதாகத்தான் பேச்சு.

விடிவதற்கு முன்னால், நஹ்லா சாப்பிட்டு முடிக்கும்போது, ஃபிராஸ் அடுக்களைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

“இன்னிக்குச் சொல்லிடறேன்.”

“நிஜமாவா?”

“அல்லாஹ் மேல ஆணை. நீ அம்மா சொன்ன மாதிரி நோன்பு மட்டும் பிடி, இல்லன்னா ரகளை பண்ணுவாங்க. நீ வாயைத் திறக்கறதுக்குள்ள நான் எல்லாத்தையும் சொல்லி முடிச்சிருப்பேன். அந்தப் பொண்ணு வீட்டுக்காரங்களையும் நானே திருப்பி அனுப்பிடறேன்.”

“சொல்லிடுங்க. அப்புறம் யார் என்ன பேசினாலும் நான் உங்க பக்கம் நிப்பேன். பிள்ளை இல்லாட்டி என்ன, இருந்துட்டுப் போறோம்.”

அவன் அவள் நெற்றியில் முத்தமிட்டான். நஹ்லா தண்ணீரைக் குடித்தாள். பாங்கு கேட்டதும் வாயை மூடினாள்.

மருமகள் பதில் பேச மாட்டாள் என்று உறுதியான வீட்டில் மாமியாரும் நாத்தனாரும் எப்படி இருப்பார்கள் என்று சொல்ல வேண்டுமா? விடிந்ததும் ரஜா பையன்களை இழுத்துக்கொண்டு வந்து இறங்கினாள். நஹ்லா அடுப்பில் மஞ்சள் சோற்றைக் கிண்டிக்கொண்டிருக்க, அம்மாவும் மகளும் பக்கத்திலேயே உட்கார்ந்து பாதாம் உரித்தார்கள்.

“அம்மா, அந்த ஷஹத் பொண்ணுக்கு எத்தனை அண்ணன் தம்பி?”

“அஞ்சு பேரு கண்ணு. அவ அம்மா வழியில எல்லாருக்கும் ஆம்பளைப் பிள்ளைங்கதான். மண்ணு நல்லா இருந்தா விதைச்சது முளைக்கத்தானே செய்யும்.”

“நம்ம வீட்டு மண்ணுக்கு என்னவாம்?”

“டீச்சர் மண்ணு. கணக்குதான் முளைக்கும்.”

இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நஹ்லா அகப்பையைப் பிடித்த கை நிற்காமல் கிண்டினாள். அவள் நாக்கு சாதாரண நாளில் சும்மா இருக்கிற நாக்கு இல்லை; இந்த இரண்டு பேரையும் ஒரே வாக்கியத்தில் உட்கார வைத்துவிடுவாள். இன்றைக்கு மட்டும் கேட்டுக்கொள்வது, சாயங்காலத்துக்குள் அவன் சொல்லிவிடுவான், அப்போது இந்த இரண்டு முகத்தையும் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் ஃபிராஸ் கடையைச் சாத்திவிட்டு வந்தான். ரஜா மொட்டைமாடிக்குப் போயிருந்தாள். கூடத்தில் அம்மாவும் மகனும் மட்டும். நஹ்லா அடுக்களை வாசலில் கையில் துணியோடு நின்றாள். இதைவிட நல்ல நேரம் வேறு கிடைக்காது.

“அம்மா,” என்றான்.

“என்னடா?”

அவன் தாம்பாளத்தைப் பார்த்தான். நஹ்லாவைப் பார்த்தான். கழுத்தைச் சொறிந்தான்.

“கூஜாவுக்கெல்லாம் தண்ணி ஊத்தியாச்சா?”

“ஊத்தியாச்சு. நீ போய் முகத்தை மழிச்சிட்டு வா. பொண்ணு வீட்டுக்காரங்க வர்ற நாளும் அதுவுமா தாடியைப் பாரு.”

போய் மழித்துக்கொண்டு வந்தான். சட்டையும் புதுசு போட்டுக்கொண்டான். இதுதான் நஹ்லாவுக்குத் தாங்கவில்லை. பயந்தவன் என்று தெரியும், பயப்படட்டும். பெண் பார்க்கப் புதுச் சட்டை எதற்கு? அவள் அவனை முறைத்தாள். அவன் ‘பொறு, பொறு’ என்று கையால் சாடை காட்டிவிட்டு வெளியே நழுவினான்.

பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு ஷமீரான் வந்தாள். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவப் பெண். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணமே செய்துகொள்ளாதவள். வருஷா வருஷம் இந்தத் தாம்பாளத்தில் தானும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவாள். வருஷா வருஷம் உம் ஃபிராஸோடு ஒரு சண்டையும் போடுவாள். இரண்டும் இல்லாமல் இருவருக்குமே நாள் போகாது.

“என்ன, இன்னிக்கு டீச்சரம்மா வாயைக் கட்டிப் போட்டாச்சா?” என்றாள் நஹ்லாவைப் பார்த்து. “பாவம். தண்டனை கொடுக்கற அளவுக்கு என்ன தப்பு பண்ணினா?”

“தண்டனையா? யார் சொன்னா தண்டனைன்னு?” உம் ஃபிராஸ் சிலிர்த்துக்கொண்டாள். “இது ஜகரிய்யா நபியோட நோன்பு.”

“அதைத்தான் சொல்றேன். எங்க வேதத்துல சகரியாவை ஊமையாக்கினதே தண்டனைக்குத்தான். உனக்குப் பிள்ளை பிறக்கும்னு தூதன் வந்து சொல்றான், இந்த மனுஷன் நம்பல. நம்பாத வாய் எதுக்குன்னு அடைச்சுட்டான். யோவான் பிறந்து பேர் வைக்கிற வரைக்கும் பேச்சே கிடையாது.”

“உங்க புத்தியே இப்படித்தான் ஷமீரான். நபிமார் தலையில எல்லாம் ஏதாவது ஒரு பாவத்தைக் கட்டி விட்டுடுவீங்க, அப்புறம் படம் மாட்டி மெழுகுவத்தி வைப்பீங்க. நபி நம்பாம இருப்பாரா? எங்க ஜகரிய்யா தானாக் கேட்டார். யா அல்லாஹ், எனக்கு ஒரு அடையாளம் கொடுன்னார். உடம்புல ஒரு குறையும் இல்லாமலே மூணு நாள் மனுஷங்ககிட்ட பேச மாட்டே, அதுதான் அடையாளம்னு அல்லாஹ் சொன்னான். மனுஷங்ககிட்டதான் பேச்சு இல்ல. அல்லாஹ்வைத் துதிச்சுக்கிட்டேதான் இருந்தார். தண்டனை கிடைச்ச வாய் துதிக்குமா?”

“சரி, அடையாளம். யாருக்கு?”

“அவருக்குத்தான்.”

“அப்போ உங்க வேதத்துலயும் வாயை மூடினது ஆம்பளைதானே? அவர் பொண்டாட்டி பேசிக்கிட்டுத்தானே இருந்தா? எங்க எலிசபெத்து ஊரே எதிர்த்து நின்னப்பகூட, பிள்ளைக்குப் பேரு யோவான்தான்னு ஒத்தையா நின்னு சொன்னாளாக்கும். நீங்க என்னடான்னா நபி பிடிச்ச நோன்பைப் பொம்பளை தலையில கட்டிட்டீங்க. ஃபிராஸை ஒரு நாள் மூடிக்கிட்டு இருக்கச் சொல்லேன் பார்ப்போம்.”

“ஆம்பளைக்குக் கடை கண்ணி இருக்கு. வாயை மூடிக்கிட்டு எவன் ஃப்ரிட்ஜ் விப்பான்?”

ஷமீரான் தலையில் அடித்துக்கொண்டாள். நஹ்லாவுக்குக் காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. ஆனால் ஃபிராஸ் அந்த வார்த்தையெல்லாம் காதில் விழும் தூரத்தில், வாசல்படியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். மூடிக்கொண்டுதான் இருந்தான்.

உம் ஹைதம் மகளோடு வந்து சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. சந்துப் பெண்களும் வந்து கூடத்தில் நிறைந்தார்கள். ஷஹத் சின்னப் பெண். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் தலைத்துணி நுனியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். உம் ஹைதம் தாம்பாளத்தையும் வீட்டையும் தரைவிரிப்பையும் கண்ணாலேயே விலை போட்டாள். காலி இடத்தில் கண் நின்றது. உம் ஃபிராஸ் பெருமூச்சு விட்டாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

பிறகு உம் ஃபிராஸ் கண்ணை மூடிக்கொண்டு குர்ஆனின் மர்யம் அத்தியாயத்தை ஓத ஆரம்பித்தாள். குரல் நன்றாகத்தான் இருக்கும். ஓதுவது அவள் தாய்மொழியான அரபியில்தான், ஆனாலும் இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை உள்ளே இறங்கியிருந்தால் ஏன் இந்தப் பிழைப்பு? ஜகரிய்யா மறைவாக, தாழ்ந்த குரலில் தன் இறைவனை அழைத்தார். என் எலும்புகள் தளர்ந்துவிட்டன, என் தலை நரையால் வெளுத்துவிட்டது என்றார். அப்புறம்தான், என் மனைவியும் மலடியாக இருக்கிறாள் என்றார்.

மலடி என்ற சொல் வந்ததும் ரஜா பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்தாள். நஹ்லா அதைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் ரஜா மேல் வரவில்லை. ஒரு நபி, கிழவர், தன் இறைவனிடம் நிற்கிறார். எதை முதலில் சொல்கிறார்? தன்னைச் சொல்கிறார். என் எலும்பு, என் நரை, என் தளர்ச்சி. அது எதுவும் அவருக்கு வெட்கமாக இல்லை. மனைவி பேச்சு அதற்குப் பிறகு. அவளைக் காட்டி இவர் ஒளிந்துகொள்ளவில்லை. இந்த நபியின் பேரால் சோறு ஆக்கி, கூஜா வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிற வீட்டில் இவளுக்கு வாய்த்தவன் இதோ சுவரோரமாக நிற்கிறான், புதுச் சட்டையில், பிஸ்தா உரித்துக்கொண்டு. மூன்று வருஷம் இவனுக்கா பாவம் பார்த்தோம் என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மஃரிப் பாங்கு சொன்னது. பெண்கள் மெழுகுவர்த்திகளை ஏற்றினார்கள். நஹ்லா தாம்பாளத்தின் முன்னால் உட்கார்ந்து பார்லி ரொட்டியில் ஒரு துண்டு பிட்டுத் தின்றாள், தண்ணீர் குடித்தாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் ஃபிராஸைப் பார்த்தாள். கடைசியாக ஒரு தடவை, சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் பிஸ்தா ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தேடினான்.

“சொல்லு மகளே,” என்றாள் உம் ஃபிராஸ், கூட்டத்துக்காகக் குரலில் தேன் தடவி. “நேர்ச்சையைச் சொல்லு.”

நஹ்லாவின் குரல் கரகரத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“ஜகரிய்யா நபிகிட்ட நான் எனக்குப் பிள்ளை கேக்கல அத்தை. இந்த ஷஹத் பொண்ணு என்னை மாதிரி ஆகக்கூடாதுன்னு கேட்டிருக்கேன். அதுதான் என் நேர்ச்சை.”

உம் ஹைதம் நிமிர்ந்தாள். “என் பொண்ணு எதுக்கு உன்னை மாதிரி ஆகணும்?”

“இந்த வீட்டுக்கு வந்தா ஆவா. டாக்டர் சொன்னது என்னைப் பத்தி இல்ல. நான் நல்லா இருக்கேன்னுதான் சொன்னார். இப்போ அத்தை ஓதினதை எல்லாரும் கேட்டீங்கள்ல? நபி தன் குறையை முதல்ல சொன்னார். இங்க மூணு வருஷமா அதைச் சொல்ல ஆளில்லாம நான் மலடியா உக்காந்திருக்கேன்.”

ரஜாதான் முதலில் வாய் திறந்தாள்: “பொய். புருஷன் இன்னொருத்தியைக் கட்டிடுவான்னு பொறாமையில பேசறா.”

“இருக்கலாம்,” என்றாள் உம் ஹைதம் அமைதியாக. வியாபாரக் குடும்பத்துப் பொம்பளை, யாரைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஃபிராஸ் பக்கம் திரும்பினாள். “தம்பி, நீ சொல்லு. உன் பொண்டாட்டி பொய் சொல்றாளா?”

ஃபிராஸ் அம்மாவைப் பார்த்தான்.

“அங்க என்னடா பார்வை?” உம் ஃபிராஸின் குரலில் இருந்த தேன் எங்கோ போயிருந்தது. “பொய்னு சொல்லு. ஒரு வார்த்தை. சொல்லித் தொலையேன்.”

பொய் சொல்லவும் அவனுக்குத் துப்பில்லை. உண்மை சொல்லவும் துப்பில்லை. உதட்டை நனைத்தான், அவ்வளவுதான். உம் ஹைதம் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மகளின் கையைப் பிடித்து எழுப்பினாள், அபாயாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், உங்கள் நேர்ச்சையெல்லாம் அல்லாஹ்விடம் கபூலாகட்டும் என்று எல்லாரையும் பார்த்து முறையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சந்துப் பெண்கள் ஒவ்வொருவராக அவரவர் பிள்ளைகளைத் தேடிக்கொண்டு கிளம்பினார்கள். நாளைக் காலையில் ரொட்டி வாங்கும் இடத்தில் இது எப்படி ஓடும் என்று உம் ஃபிராஸுக்குத் தெரியும். அவளே எத்தனை வீட்டுக் கதையை அங்கே ஓட்டியிருக்கிறாள்.

தோற்ற பிறகாவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று பார்த்தால், அவள் மருமகளைப் பார்த்துச் சொன்னாள்: “இத்தனை வருஷம் மூடிக்கிட்டு இருந்தவளுக்கு இன்னும் ஒரு நாள் இருக்க முடியலையா? என் பிள்ளையைச் சந்தி சிரிக்க வச்சுட்டியே.”

அந்த அம்மாளிடம் இனிப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று நஹ்லா விட்டுவிட்டாள். உம் ஃபிராஸ் எழுந்து உள்ளே போனாள், ரஜா பின்னாலேயே போனாள். ஷமீரான் மட்டும் மூலையில் உட்கார்ந்து, பார்க்காதது போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபிராஸ் மெதுவாக வந்து தாம்பாளத்தின் அந்தப் பக்கம் உட்கார்ந்தான். கண் கலங்கியிருந்தது. பாலத்தடியில் அழுத அதே முகம்.

“இப்படி எல்லார் முன்னாடியுமா நஹ்லா?” என்றான். “நான் சொல்றதாத்தானே இருந்தேன். கொஞ்சம் முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே.”

“நோன்பு எனக்குத்தானே இருந்தது,” என்றாள் நஹ்லா. “உனக்கு என்ன வந்தது?”

அவன் வாயை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தட்டை இழுத்து வைத்துக்கொண்டு மீதி ரொட்டியைச் சாப்பிட ஆரம்பித்தாள். நல்ல பசி.